செல்லுக்குள்ள சரக்கு கொண்டு போற புரோட்டீன்களும் குழந்தையோட மூளையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளர்ச்சி தாமதம், வலிப்புன்னு ஆரம்பிச்சு நாலு டாக்டர் பாத்து கடைசில எக்ஸோம் டெஸ்ட் (புரோட்டீன் செய்யச் சொல்ற ஜீன் பகுதிகள மொத்தமா படிக்கிற டெஸ்ட்) எடுத்து, வாயில நுழையாத ஜீன் பேரோட ஒரு ரிப்போர்ட்ட வாங்கிட்டு வர்ற அம்மா அப்பாங்க கேக்குறதுதான் இதுல பாதி. மீதி பாதி செல் பயாலஜி படிக்கிற பசங்க கேக்குறது. தனித்தனியா எழுதலாம்னு பாத்தேன், ஆனா ரெண்டு பேருக்கும் பதில் ஒரே இடத்துல இருந்துதான் வருது, அதனால ஒண்ணா போட்டுட்டேன். நான் லேப் ஆளு, டாக்டர் இல்ல, அதனால மருந்து டோஸ் பத்தி இங்க எதுவும் இருக்காது.

வெசிக்கிள், வெசிக்கிள்னு ரிப்போர்ட்ல வருதே, அது என்னங்க?

செல்லுக்குள்ள இருக்குற ரொம்பக் குட்டிப் பைங்க, கொழுப்புப் படலத்தால ஆனது. செல் தயாரிக்கிற புரோட்டீன்ல நிறைய, இருந்த இடத்துலயே வேலை செய்யாது. ஒரு இடத்துல செஞ்சு, கோல்கின்னு ஒரு இடத்துல பக்குவப்படுத்தி, அங்கேருந்து செல்லோட வெளிச்சுவருக்கோ, கழிவு அரைக்கிற லைசோசோமுக்கோ போய்ச் சேரணும். அந்தப் பயணம் முழுக்க இந்தப் பைக்குள்ள உக்காந்துதான் நடக்குது. நரம்பு செல்லோட நுனியில இருக்குற சினாப்டிக் வெசிக்கிள் சுமார் 40 நேனோமீட்டர் அகலம், அதாவது ஒரு மில்லிமீட்டர் கோட்டுல 25,000 பைய வரிசையா நிறுத்தலாம்.

பை தானா போயிடுமா, யாராவது வழி காட்டணுமா?

தானா ஒண்ணும் போகாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி ஆளு இருக்கு. முதல்ல எந்தச் சரக்கு எந்தப் பைக்குள்ள ஏறணும்னு பொறுக்கி எடுக்குறது அடாப்டர் புரோட்டீன்கள், ஏபி-1ல இருந்து ஏபி-5 வரைக்கும் அஞ்சு கூட்டணி இருக்கு. பைய இழுத்துட்டு ஓடுறது கைனசின், டைனின்னு மோட்டார் புரோட்டீன்கள். போய்ச் சேர வேண்டிய இடத்துல தூரத்துல இருந்தே கொக்கி போட்டுப் பிடிக்கிறதுக்கு ட்ராப், எக்ஸோசிஸ்ட் மாதிரி டெதர் கூட்டணிகள். கடைசியா பையையும் சுவரையும் ஒட்டி ஒண்ணாக்குறது ஸ்னேர் புரோட்டீன்கள்: பையில ஒண்ணு, சுவர்ல ரெண்டு, மூணும் கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு இழுக்க, ரெண்டு படலமும் கலந்துடும். அந்த முறுக்கு சரியா விழ வைக்கிறது மங்க்18 குடும்பம், இது பத்தி கீழ நிறைய பேசப் போறேன்.

இதுக்கெல்லாம் நடுவுல ராப் புரோட்டீன்கள் இருக்கு, நம்ம உடம்புல 60க்கு மேல. இத நான் பஸ்ஸோட போர்டுன்னு சொல்லுவேன். பஸ் எல்லாம் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், போர்டப் பாத்துதான் இது எங்க போகுதுன்னு தெரியும், அதே மாதிரி பை மேல எந்த ராப் ஒட்டியிருக்கோ அத வெச்சுதான் மத்த புரோட்டீன்கள் அதுகிட்ட வரும். ராப்5 இருந்தா இப்பதான் வெளியிலேருந்து உள்ள வந்த பை, கொஞ்ச நேரத்துல அது கழண்டு ராப்7 ஏறிடும், அப்ப லைசோசோம் பக்கம் போற வண்டின்னு அர்த்தம். டிப்போவுல போர்டு மாத்துறதேதான்.

எல்லா செல்லுலயும் இதே சிஸ்டம்தானே? அப்புறம் ஏன் மூளைக்கு மட்டும் இவ்ளோ அடி?

நல்ல கேள்வி, பசங்களும் கேப்பாங்க, பெத்தவங்களும் கேப்பாங்க. ஒரே ஒரு காரணம்னு சொல்ல முடியாது.

முதல்ல தூரம். ஈரல் செல்லு ஒரு மில்லிமீட்டர்ல முப்பதுல ஒரு பங்கு இருந்தா அதிகம், அதுக்குள்ள பை கொஞ்சம் வழி தவறினாலும் எப்படியாவது போய்ச் சேந்துடும். முதுகுத்தண்டுல இருந்து கால் விரல் பக்கம் போற நரம்பு செல்லுக்கு ஒரே வால், பெரியவங்கள்ல கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். புரோட்டீன்ல முக்கால்வாசி தலைப்பக்கம் தயாராகுது, தேவை வால் நுனியில. வேகமா போற சரக்கே ஒரு நாளைக்கு 200ல இருந்து 400 மில்லிமீட்டர்தான் போகும், அப்ப ஒரு மீட்டர் போய்ச் சேர ரெண்டரை நாள்ல இருந்து அஞ்சு நாள் ஆகும். இவ்ளோ தூரத்துல சின்னப் பிசகும் பெருசாத் தெரியும், அதான் இந்த நோய்கள்ல நிறைய கால் விறைப்புல கொண்டு போய் விடுது.

ரெண்டாவது, நரம்பு செல் சாகுறதுக்கு மாத்து கிடையாது. தோல் செல்லு, ரத்த செல்லு எல்லாம் கெட்டா புதுசு வந்துடும். மூளையில கருவுல இருக்கும்போது உண்டான நியூரான்தான் (நரம்பு செல்லுக்கு இன்னொரு பேரு) பெரும்பாலும் கடைசி வரைக்கும்.

மூணாவதுதான் இங்க முக்கியம்: மூளை கட்டப்படும்போதே பை போக்குவரத்து வேணும். நியூரான் வளருதுன்னா அதோட வெளிப்படலம் நீளுதுன்னு அர்த்தம், அந்தப் படலம் பை பையா வந்து நுனியில ஒட்டித்தான் நீளும். அதுக்கும் முன்னாடி, கருவோட மூளையில புதுசா பிறக்குற நியூரான் உள்பக்கம் இருக்குற நீர்க்குழி ஓரத்துல பிறந்து வெளிப்பக்கம் மூளையோட மேலடுக்கான புறணிக்கு ஏறிப் போகணும். ஏறும்போது முன்னாடி ஒட்டி, பின்னாடி விடுபட்டு, மறுபடி முன்னாடி ஒட்டிப் போகும், அந்த ஒட்டுற புரோட்டீனான என்-கேடெரின உள்ள இழுத்து மறுபடி வெளிய அனுப்புறது ராப்5, ராப்11 வழியா நடக்குதுன்னு ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 2010ல எலியில காட்டினாங்க. அந்த வேலை தடைபட்டா நியூரான் பாதி வழியில நின்னுடும்.

இதையெல்லாம் யாரு, எதுல கண்டுபிடிச்சா?

ஈஸ்ட்ல. ஆமா, ரொட்டி உப்ப போடுற அதே ஈஸ்ட். கலிஃபோர்னியாவுல பெர்க்லி யூனிவர்சிட்டியில ராண்டி ஷெக்மனும் அவரோட மாணவர் பீட்டர் நோவிக்கும் 1979ல ஒரு ஈஸ்ட் ரகத்தப் பிடிச்சாங்க. 25 டிகிரியில நல்லா வளரும், 37 டிகிரிக்கு ஏத்தினா உள்ள பைங்க குவிஞ்சு நின்னுடும், வெளிய எதையும் அனுப்ப முடியாது. அதுல பழுதான ஜீனுக்கு செக்1னு பேரு வெச்சாங்க. அடுத்த வருஷமே இந்த மாதிரி 23 ஜீன்.

ஜேம்ஸ் ராத்மன் வேற வழியில போனார், செல்ல உடைச்சு டெஸ்ட் ட்யூபுல பை போக்குவரத்த ஓட விட்டு, எந்த புரோட்டீன எடுத்தா நிக்குதுன்னு பாத்தார், 1993ல ஸ்னேர் கருத்து அங்கேருந்து வந்தது. தாமஸ் சூடாஃப் நரம்பு நுனியில எப்படி கால்சியம் உள்ள வந்த நொடியில பை வெடிச்சு சிக்னல் வெளிய வருதுன்னு பிரிச்சுக் காட்டினார். மூணு பேருக்கும் சேத்து 2013 மருத்துவ நோபல்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. சிட்னி பிரென்னர் 1974ல சின்னப் புழுக்கள்ல சரியா நெளிய முடியாத ரகங்களப் பிரிச்சு நம்பர் போட்டு வெச்சார், அதுல ஒண்ணு அங்க்-18. சூடாஃப் லேப் 1993ல எலி மூளையில ஒரு புரோட்டீனப் பிடிச்சுப் பாத்தா அது அந்தப் புழு ஜீனோட சொந்தக்காரன், அதான் மங்க்18. அதே புரோட்டீன் ஈஸ்ட்ல இருந்த செக்1க்கும் சொந்தம். மனுஷங்கள்ல அந்த ஜீனோட பேரு எஸ்டிஎக்ஸ்பிபி1. ஆக, உங்க குழந்தை ரிப்போர்ட்ல அந்தப் பேரு இருந்தா, அது ஈஸ்ட்லயும் புழுவுலயும் யாரோ வருஷக்கணக்கா சும்மா ஆர்வத்துல தோண்டினதோட தொடர்ச்சி. இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு எதுக்கு வரிப்பணம்னு கேக்குறவங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன்.

மங்க்18 சுத்தமா இல்லாட்டி என்ன ஆகும்?

மத்தியஸ் வெர்ஹாகே, சூடாஃப் குழு 2000ல அப்படி ஒரு எலிய உண்டாக்கினாங்க. எல்லாரும் எதிர்பாத்தது, சிக்னலே போகாத மூளை ஏதோ கந்தரகோளமா இருக்கும்னு. சிக்னல் நிஜமாவே ஒண்ணு கூட வரல, தானா கசியுற சின்னச் சின்ன சிக்னல் கூட இல்ல. ஆனா மூளை அழகா கட்டப்பட்டிருந்தது. அடுக்குகள் சரி, நரம்புப் பாதைகள் சரி, ஒரு நியூரான் இன்னொண்ணோட சேர்ற இடமான சினாப்ஸ் கூட பாக்க சாதாரணமா இருந்தது. அதுக்கப்புறம்தான் கதை மாறுது: கட்டி முடிஞ்ச நியூரான்கள் கூட்டங்கூட்டமா சாக ஆரம்பிச்சுது, மூளையோட அடிப்பகுதியில முதல்ல. குட்டி பிறந்ததும் மூச்சு விட முடியாம செத்துடும்.

அப்ப சிக்னல் இல்லாததாலதான் நியூரான் செத்துச்சான்னு கேட்டா, இங்கதான் சுவாரஸ்யம். 2002ல மங்க்13ங்கிற வேற புரோட்டீனோட ரெண்டு வகையும் இல்லாத எலிய ஆராய்ஞ்சாங்க, அதுலயும் சிக்னல் சுத்தமா இல்ல, ஆனா நியூரான்கள் அப்படி கொத்து கொத்தா சாகல. டெட்டனஸ் நச்சு போட்டு சிக்னல நிறுத்தினாலும் லேப் தட்டுல நியூரான் உயிரோடதான் இருக்கு. அப்ப மங்க்18க்கு சிக்னல் வெளிய விடுறது தவிர இன்னொரு வேலையும் இருக்கணும், செல்ல உயிரோட வெச்சுக்குற ஏதோ ஒரு வேலை. அது இல்லாத நியூரான்ல கோல்கியோட வடிவமே கெட்டுப் போகுதுன்னு பின்னாடி பாத்திருக்காங்க. பாடப்புத்தகத்துல இன்னும் "சிக்னல் வெளிவிட உதவும் புரோட்டீன்"னு ஒரே வரியில முடிச்சிடுறாங்க, அது பத்தாதுன்னு நான் நினைக்கிறேன்.

எஸ்டிஎக்ஸ்பிபி1 பழுதான குழந்தைக்கு எப்படி இருக்கும்?

எலி மாதிரி சுத்தமா இல்லாம போறதில்ல. நமக்கு ஒவ்வொரு ஜீன்லயும் ரெண்டு பிரதி, இதுல ஒண்ணு பழுது, இன்னொண்ணு நல்லா இருக்கு. பாதி அளவு புரோட்டீன் மூளைக்குப் பத்தல, அவ்ளோதான். 2008ல ஜப்பான்ல ஒட்டஹாரா சிண்ட்ரோம்ங்கிற, பிறந்த சில வாரத்துலயே வர்ற கடுமையான வலிப்பு நோய் இருந்த குழந்தைங்ககிட்ட முதல்ல கண்டுபிடிச்சாங்க. அப்புறம் பாத்தா வலிப்பே இல்லாம வளர்ச்சி தாமதம் மட்டும் இருக்குறவங்களும் இருக்காங்க. சுமார் 30,000 பிறப்புக்கு ஒண்ணுன்னு கணக்கு சொல்றாங்க. பத்துல எட்டு ஒன்பது பேருக்கு வலிப்பு வரும், அறிவு வளர்ச்சி பாதிப்பு கிட்டத்தட்ட எல்லாருக்கும் உண்டு, கை நடுக்கம், நடையில தள்ளாட்டம், ஆட்டிசம் மாதிரி குணங்கள் பலருக்கு.

வலிப்பு அடங்கிட்டா வளர்ச்சி சரியாயிடும்னு பெத்தவங்க நம்புவாங்க. வலிப்பக் கட்டுப்படுத்துறது கட்டாயம் வேணும், ஆனா இதுல வளர்ச்சி பாதிப்பும் வலிப்பும் ஒரே மூலத்துல இருந்து வர்ற ரெண்டு தனி கிளை, ஒண்ணு நின்னா இன்னொண்ணு தானா நிக்கும்னு எதிர்பாக்க முடியாது. இத முன்னாடியே சொல்லிடுறது நல்லது, கேக்க கஷ்டமா இருந்தாலும்.

எங்க ரிப்போர்ட்ல ஏபி4எம்1னு இருக்கு. இது வேறயா?

வேற. இது சரக்கு ஏத்துற இடத்துல வர்ற பழுது. ஏபி-4 கூட்டணியில நாலு புரோட்டீன், நாலுக்கும் தனித்தனி ஜீன்: ஏபி4பி1, ஏபி4எம்1, ஏபி4இ1, ஏபி4எஸ்1. நாலுல எது போனாலும் மொத்தக் கூட்டணியும் கலைஞ்சிடும், அதனால நாலு நோயும் பாக்க ஏறக்குறைய ஒண்ணுதான். ரிப்போர்ட்ல எஸ்பிஜி (கால் விறைப்பு நோய்களோட ஆங்கிலச் சுருக்கம்) 47, 50, 51, 52னு எண் போட்டு வரும், முறையே மேல சொன்ன வரிசையில. இந்தக் கூட்டணி இருக்குன்னே 1999லதான் தெரிஞ்சுது, நோயோட முதல் குடும்பம் 2009ல.

கைக்குழந்தையா இருக்கும்போது உடம்பு துவண்டு இருக்கும், தலை நிக்கிறது, உக்காருறது எல்லாம் லேட். காய்ச்சல் வந்தா வலிப்பு வரும், அது வயசாக ஆக குறையுறது உண்டு. தலை சுத்தளவு சின்னதா இருக்கும். பேச்சு ரொம்ப லேட், சில வார்த்தையோட நின்னுடும் பலருக்கு. அப்புறம் துவண்ட கால் மெதுவா விறைக்க ஆரம்பிக்கும், குதிகால் தரையில படாம நுனிக்கால்ல நடப்பாங்க, டீன் ஏஜ் வரும்போது நிறைய பேருக்கு வீல்சேர் தேவைப்படுது. எம்ஆர்ஐல மூளையோட ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற கார்பஸ் கல்லோசம் மெலிஞ்சு தெரியும், இது பெரும்பாலானவங்ககிட்ட இருக்கும்.

உள்ள என்ன நடக்குதுன்னு 2017, 2018ல தெளிவாச்சு. ஏபி-4 ஏத்தி விடுற முக்கிய சரக்கு ஏடிஜி9ஏங்கிற புரோட்டீன். செல் தன்னோட குப்பைய தானே சுத்தம் பண்ணிக்கிறதுக்கு ஆட்டோஃபேஜின்னு பேரு, அதுல பை கட்ட ஆரம்பிக்கிற கட்டத்துல ஏடிஜி9ஏ வேணும். ஏபி-4 இல்லாட்டி இது கோல்கி பக்கத்துலயே குவிஞ்சு கிடக்கும், வால் நுனிக்குப் போகாது, நுனியில சுத்தம் பண்ற வேலை மந்தமாயிடும், வால்ல அங்கங்க வீக்கம் வரும். செல்லுக்குள்ள புரோட்டீன் இல்லாம போகல பாருங்க, இருக்கு, இன்னும் சொல்லப்போனா அளவு கூடிக்கூட இருக்கு, இருக்க வேண்டிய இடத்துல இல்ல. டிஏஜிஎல்-பீட்டான்னு இன்னொரு சரக்கும் இதே மாதிரி சிக்கிக்குதுன்னு பின்னாடி தெரிஞ்சுது, அது வால் வளர உதவுற ஒரு கொழுப்பு சிக்னலத் தயாரிக்கிற என்சைம். கார்பஸ் கல்லோசம் ஏன் மெலியுதுங்கிறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு பேசுறாங்க.

டாக்டர் முதல்ல செரிப்ரல் பால்ஸின்னு சொன்னாரே, தப்பா சொல்லிட்டாரா?

தப்புன்னு சொல்ல மாட்டேன். விறைச்ச கால், தாமதமான நடை, வெளியில இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியேதான் இருக்கும், ஏபி-4 குழந்தைங்கள்ல நிறைய பேருக்கு முதல்ல அந்தப் பேருதான் கிடைக்குது. சந்தேகப்பட வேண்டியது எப்பன்னா: பிரசவத்துல மூச்சுத்திணறலோ குறைமாசமோ எதுவுமே இல்ல, விறைப்பு வருஷா வருஷம் கூடிக்கிட்டே போகுது, கூடப் பிறந்தவங்களுக்கும் இதே மாதிரி இருக்கு, இல்ல அம்மா அப்பா சொந்தத்துல கட்டினவங்க. இதுல ரெண்டு இருந்தாலே ஜீன் டெஸ்ட் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.

வேற என்னென்ன ஜீன் இந்த லிஸ்ட்ல வரும்?

நிறைய இருக்கு, சிலது மட்டும். ஏஆர்எஃப்ஜிஇஎஃப்2 பழுதானா நியூரான்கள் பிறந்த இடத்த விட்டு ஏறாம நீர்க்குழி ஓரத்துலயே முண்டு முண்டா நின்னுடும், தலையும் சின்னதா இருக்கும், 2004ல கண்டுபிடிச்சாங்க. ராப்3ஜிஏபி1, ராப்18 ரெண்டும் வார்பர்க் மைக்ரோ சிண்ட்ரோம், பிறக்கும்போதே கண்புரை இருக்கும், அதனால முதல்ல கண் டாக்டர்கிட்டதான் போவாங்க. ட்ராப்பிசி9 டெதர் கூட்டணியச் சேந்தது, சின்னத் தலையும் அறிவு வளர்ச்சிப் பாதிப்பும். ஸ்னேப்29 போனா தோலும் நரம்பும் சேந்து பாதிக்கும். ஜிடிஐ1 எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, ராப்ப படலத்துல இருந்து கழட்டி மறுபடி பயன்படுத்த வைக்கிறது, இது போனா பெரும்பாலும் ஆண் பிள்ளைங்களுக்கு அறிவு வளர்ச்சி பாதிப்பு, 1998லயே தெரியும்.

கர்ப்பமா இருக்கும்போது நான் ஏதாவது தப்பா சாப்பிட்டேனா? கிரகணத்துல வெளிய போனேன்...

இல்லவே இல்ல. எஸ்டிஎக்ஸ்பிபி1ல பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உண்டாகும்போது ஜீன்ல புதுசா வர்ற எழுத்துப் பிழை, அது யாரு கையிலயும் இல்ல. ஏபி-4ல பழுதான பிரதி அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டயும் தலைமுறை தலைமுறையா சத்தமில்லாம வந்துட்டு இருந்தது. பப்பாளி, கிரகணம், மாடிப்படி ஏறினது எதுக்கும் இதுல பங்கு இல்ல. மாமியார் வீட்டுல யாராவது "அவ வயித்துல வந்த குறை"ன்னு பேசினா, ஏபி-4 நோயில அப்பாகிட்ட இருந்தும் சரிபாதி வந்தாத்தான் நோயே வரும்னு சொல்லுங்க. ரிப்போர்ட்டயே காட்டுங்க.

சொந்தத்துல கட்டினதாலதான் வந்துச்சா?

எந்த ஜீன்னு பாத்துதான் சொல்லணும். எஸ்டிஎக்ஸ்பிபி1னா கிட்டத்தட்ட சம்பந்தமே இல்ல. ஏபி-4, ராப்18, ட்ராப்பிசி9 மாதிரி ரெண்டு பிரதியும் பழுதானா மட்டும் வர்ற நோய்னா, சொந்தத்துல கட்டினா வாய்ப்பு கூடுது. ரெண்டு பேருக்கும் பொதுவான தாத்தா பாட்டி இருந்தா, அவங்ககிட்ட இருந்த ஒரே பழுது ரெண்டு பக்கமா இறங்கி வந்து குழந்தைகிட்ட சந்திக்கலாம். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்துல குழந்தையோட ஜீன்கள்ல பதினாறுல ஒரு பங்கு இப்படி ரெண்டு பிரதியும் ஒரே மூலத்துல இருந்து வந்ததா இருக்கும்னு கணக்கு, தாய்மாமனக் கட்டினா எட்டுல ஒரு பங்கு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல நாலுல ஒண்ணுக்கு மேல சொந்தத்துக்குள்ள நடந்த கல்யாணம்தான், அதனால நம்ம ஊர்ல இந்தக் கேள்விய மழுப்ப முடியாது. அதே நேரம் சொந்தத்துல கட்டின பெரும்பாலான தம்பதிக்கு நல்ல குழந்தைங்கதான் பிறக்குது, அதுவும் உண்மை. யார் தலையிலயும் பழி போடறதுக்கு இந்தக் கணக்கு உதவாது, அடுத்த பிரசவத்துக்கு முன்னாடி டெஸ்ட் எடுக்க உதவும்.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

புதுசா வந்த பிழைன்னு அம்மா அப்பா ரத்தத்தையும் டெஸ்ட் பண்ணி உறுதியானா, திரும்ப வர வாய்ப்பு ரொம்பக் கம்மி, ஒரு சதவீதம் மாதிரி சொல்லுவாங்க. சுத்தமா ஜீரோன்னு சொல்லாததுக்குக் காரணம், அப்பாவோட விந்தணுக்கள்லயோ அம்மாவோட கருமுட்டைகள்லயோ சிலதுல மட்டும் அந்தப் பிழை ஒளிஞ்சிருக்கலாம், ரத்த டெஸ்ட்ல அது தெரியாது. ரெண்டு பேரும் கேரியர்னா (நோய் இல்லாம, ஒரு பழுதான பிரதிய மட்டும் வெச்சிருக்குறவங்க) ஒவ்வொரு தடவையும் நாலுல ஒண்ணு. "ஏற்கனவே ஒண்ணுக்கு வந்துடுச்சு, இனி மூணு நல்லா பிறக்கும்"னு கணக்கு போடுறவங்கள நிறைய பாத்திருக்கேன், அப்படி கிடையாது, ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் கணக்கு முதல்ல இருந்து ஆரம்பிக்கும். குடும்பத்துல எந்தப் பிழைன்னு துல்லியமா தெரிஞ்சிருந்தா 11ல இருந்து 14 வாரத்துக்குள்ள நஞ்சுக்கொடியில இருந்து கொஞ்சம் திசுவோ, 15 வாரத்துக்கு மேல பனிக்குட நீரோ எடுத்துப் பாக்கலாம். அதனால கர்ப்பம் ஆன பிறகு ஓடாம அதுக்கு முன்னாடியே ஜெனடிக் கவுன்சிலரப் பாருங்க.

ரிப்போர்ட்ல வி.யு.எஸ்னு போட்டிருக்கு. நோய் இருக்கா இல்லையா?

தெரியலைன்னு அர்த்தம், அவ்ளோதான். ஜீன்ல ஒரு மாற்றம் இருக்கு, அது கெடுதலா சும்மாவான்னு இன்னும் ஆதாரம் பத்தல. இத வெச்சு கரு டெஸ்ட் எடுக்கறதோ கலைக்கிறதோ கூடாது. அம்மா அப்பா, கூடப் பிறந்தவங்க ரத்தத்தையும் பாத்தா சில நேரம் தெளிவாகும். ஏபி-4க்கு ஒரு வசதி இருக்கு, தோல்ல இருந்து கொஞ்சம் செல் எடுத்து வளத்து ஏடிஜி9ஏ கோல்கி பக்கம் குவிஞ்சு கிடக்கான்னு மைக்ராஸ்கோப்ல பாக்கலாம், ஆராய்ச்சி லேப்கள்ல பண்றாங்க. ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு அதே டேட்டாவ மறுபடி அலசச் சொல்லிக் கேளுங்க, தகவல் சேர சேர வி.யு.எஸ் மாறுறது சகஜம்.

மருந்து இருக்கா? ஜீன் தெரபி வந்துடுச்சுன்னு சொல்றாங்களே?

இன்னைக்கு ஆஸ்பத்திரியில போய் வாங்கக்கூடிய, மூலத்தையே சரி பண்ற மருந்து எதுக்கும் இல்ல. நடக்குறத சொல்றேன்.

ஏபி4எம்1 பழுதான ஒரு கனடா சிறுவனோட அப்பா தானே பணம் திரட்டி, டெக்சாஸ் டல்லாஸ்ல இருக்குற யூனிவர்சிட்டி விஞ்ஞானிகளோட சேந்து ஒரு ஜீன் தெரபிய உண்டாக்க வெச்சார். நல்ல ஜீன ஏஏவி9ங்கிற வைரஸ் கூட்டுக்குள்ள வெச்சு முதுகுத்தண்டு நீருக்குள்ள ஒரு தடவை ஊசியா போடுறது. அந்த வைரஸுக்குள்ள சுமார் 4,700 டிஎன்ஏ எழுத்துதான் அடங்கும், ஏபி4எம்1 சின்ன ஜீன், அதனால சுலபமா அடங்கிடுச்சு. 2022 மார்ச்ல டொரண்டோ சிக்கிட்ஸ் ஆஸ்பத்திரியில போட்டாங்க, ஒரு வருஷத்துக்குப் பிறகு பெரிய பக்கவிளைவு இல்ல, நோய் மேல முத்தாம நின்ன மாதிரி தெரியுதுன்னு 2024ல வெளியிட்டாங்க. ஒரே ஒரு குழந்தை, இத வெச்சு குணமாகுதுன்னு சொல்ல முடியாது.

எஸ்டிஎக்ஸ்பிபி1லயும் முயற்சி நடக்குது. ஃபீனைல்பியூட்டிரேட்னு வேற ஒரு நோய்க்கு ஏற்கனவே இருக்குற மருந்து, வடிவம் கெட்ட புரோட்டீன நிலைநிறுத்த உதவுமான்னு அமெரிக்காவுல சின்ன அளவுல சோதிச்சிருக்காங்க. ஆனா ஜீன் தெரபி சோதனை ஒண்ணுல 2025ல முதல் டோஸ் வாங்குன குழந்தை இறந்துபோச்சு, சோதனைய நிறுத்தி வெச்சாங்க. நல்ல செய்தி மட்டும்தான் வாட்ஸப்ல சுத்தும், அதான் இதையும் எழுதுறேன்.

இப்ப கைக்கு எட்டுறது: வலிப்பு மருந்து, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, பேச்சு வராதவங்களுக்கு படம் காட்டிப் பேசுற முறைகள், இடுப்பு எலும்பு நழுவுதான்னு எக்ஸ்ரே, விறைச்ச தசைக்கு போட்டுலினம் ஊசி. இந்த கடைசி ஊசியப் பாருங்க, அதுல ஏ வகை நச்சு செய்யுறது என்ன தெரியுமா, நரம்பு நுனியில ஸ்னேப்-25ங்கிற ஸ்னேர் புரோட்டீன வெட்டுறது. பை வெடிக்காம சிக்னல் தசைக்குப் போகாம நிக்கும், தசை தளரும், மூணு நாலு மாசத்துல புது புரோட்டீன் வந்து பழையபடி ஆகும். பை போக்குவரத்து கெட்டு வந்த விறைப்புக்கு, வேற ஒரு இடத்துல பை போக்குவரத்த நிறுத்தித்தான் வைத்தியம் பாக்குறோம்.

ஸ்டெம் செல் ஊசி போட்டா சரியாகும்னு ஒரு இடத்துல லட்சக்கணக்குல கேக்குறாங்க, போடலாமா?

வேண்டாம். ஒவ்வொரு நியூரான்லயும் இருக்குற பழுத முதுகுல ஏத்துற ஸ்டெம் செல் எப்படி சரி பண்ணும்னு அவங்களக் கேளுங்க, பதில் வராது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்படி அங்கீகரிச்ச ரத்த நோய் சம்பந்தப்பட்ட சிகிச்சை தவிர மத்ததுக்கு ஸ்டெம் செல்ல முறையான ஆராய்ச்சிக்கு வெளிய காசு வாங்கிட்டுப் போடக் கூடாது. அந்தப் பணத்துல எத்தனை வருஷ பிசியோதெரபி நடக்கும்னு கணக்கு போட்டுப் பாருங்க.

எங்க குழந்தை விவரத்த வெளிநாட்டு ரெஜிஸ்ட்ரியில (நோயாளிங்க விவரத்த ஆராய்ச்சிக்காக சேத்து வைக்கிற பதிவேடு) கொடுக்கலாமா? டேட்டா திருடிடுவாங்களா?

ஒப்புதல் படிவத்தப் படிச்சு, பேரு முகவரி மறைச்சு வைக்கிறாங்களான்னு கேட்டுட்டு, கொடுக்கறதுதான் நல்லதுன்னு என் அபிப்பிராயம். பாஸ்டன் சில்ட்ரன்ஸ் ஆஸ்பத்திரி ஏபி-4 குழந்தைங்களுக்கு ஒரு ரெஜிஸ்ட்ரி நடத்துது, பல நாட்டுக் குடும்பங்கள் அதுல இருக்கு. எந்த வயசுல நடை போச்சு, எந்த வயசுல வலிப்பு நின்னுச்சுங்கிற விவரம் நிறைய பேர்கிட்ட இருந்து சேந்தாத்தான், நாளைக்கு ஒரு மருந்து குடுத்துப் பாக்கும்போது அது வேலை செஞ்சுதா இல்ல நோயே அப்படித்தான் போயிருக்குமான்னு பிரிச்சு சொல்ல முடியும். சேருறதுக்கு முன்னாடி குழந்தையோட மொத்த எக்ஸோம் டேட்டா ஃபைல லேப்கிட்ட கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க, வெறும் ரெண்டு பக்க பிடிஎஃப் பத்தாது, சில லேப்ல கொஞ்ச வருஷத்துக்கு மேல ஃபைல வெச்சிருக்க மாட்டாங்க.